இடது முன் சக்கரம்

கடிதம் ஏப்ரலில் வந்தது,
ஏரிமேல் பனி வெடிக்கும் வாரத்தில்.
நிறுவனம் வருந்துகிறதாம்.
ஒரே ஒரு தொகுதி போல்ட்டுகளில்
பூச்சு தடித்துவிட்டது.
முறுக்கும்போது கருவி ‘டக்’கென்று சொல்லும்,
இறுகிவிட்டது என்று.
இறுகியிருக்காது.

போல்ட்டு பொய் சொல்லவில்லை,
கருவியும் சொல்லவில்லை.
இரண்டுக்கும் நடுவே
மயிரிழையைவிட மெல்லிய ஒரு படலம்,
அது இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறது.

குவோப்பியோவில் என் பட்டறைக்கு
மூன்று பெயர்கள் ஒதுக்கினார்கள்.
இரண்டு வண்டிகள் வந்தன, போயின.
ஒருவர் பழைய போல்ட்டுகளை நினைவுக்குக் கேட்டார்.
எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன்.
பொம்மையைப் பிடுங்கிக்கொண்டதுபோல்
முகம் சுருங்கிப் போனார்.

மூன்றாவது
இழுவை லாரியின் முதுகில் வந்தது. கருநீலம்.
பின்னாலேயே ஒரு பழைய வேனில்
பல் மருத்துவர் ஹெய்மோ கர்வோனென்,
பக்கத்தில் மனைவி.
“வெயில் காலத்தில் மட்டும்தான்” என்றார், நான் கேட்காமலே.
“அக்டோபரில் மூடினால் மே மாதம்தான் திறப்பேன்.
ஒரு மழை நனைந்ததில்லை.”

வண்டியைத் தூக்கினேன்.
மற்ற மூன்றும் முனகிக்கொண்டே கழன்றன.
இடது முன் சக்கரத்தில்
ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.
இரண்டு துளைகள்
பல் விழுந்த ஈறுபோல.

அந்த மூன்றும் அசையவில்லை.
நீளக் குழாயைச் செருகி
என் எழுபத்தெட்டு கிலோவையும் தொங்கவிட்டேன்.
கிறீச்.
சிவந்த தூள் கொட்டியது,
கையுறையில், சட்டையில், வாயோரத்தில்.

அச்சாணி இல்லாத தேர்
முச்சாணும் ஓடாது என்பார்கள்.
இது ஓடியிருக்கிறது.
தளர்ந்த புரிகளுக்குள் துரு புகுந்து
பல்லைக் கடித்துக்கொண்டு
பிடித்து வைத்திருந்திருக்கிறது.
முப்பது வருடமாக நான் சுரண்டியும் எண்ணெய் விட்டும்
விரட்டிவந்த துரு.

மூடிவைத்த கொட்டகையில்
இவ்வளவு துரு வராது.
நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது:
ஜனவரியில், ஐந்தாம் நெடுஞ்சாலையில்,
நள்ளிரவு தாண்டி லாரிகள் தூவிப்போகும்
உப்பு.

மருத்துவர் வாசலில் நின்று
தொலைபேசியில் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.
இர்மேலி உள்ளே வந்தார்.
தரையில் கிடந்த சிவப்பைப் பார்த்தார்.
பிறகு என்னை.

“எந்தச் சக்கரம்?”
“இடது முன்.”

அவர் இடது கை
அங்கே இல்லாத ஸ்டியரிங்கை
ஒரு கணம் பிடித்து விட்டது.

“ஒரு வளைவில் மட்டும் சத்தம் கேட்கும்,” என்றார்.
“ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.”

எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.
யாரிடம் என்றும்.
ஒருவேளை எங்கேயும் இல்லை;
நூற்று நாற்பதில் இருட்டைக் கிழித்துக்கொண்டு போய்
மூடிய பெட்ரோல் நிலையம் ஒன்றில் திரும்பி வருவதும்
ஒரு போக்கிடம்தானே.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
பயன்பாடு, சாதாரணம் அல்லது கடினம்.
‘கடினம்’ என்று குறித்தேன்.
உப்பு, என்று பக்கத்தில் எழுதினேன்.
பொய்ப் பூச்சை மாற்றும் வேலையில்
நானும் ஒரு பூச்சு பூச முடியாது.
அந்நியரின் கடைவாயில் ஊசிமுனைச் சொத்தையையும்
கண்டுபிடிக்கிறவர்
படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

புதிய இருபது போல்ட்டுகள்.
‘டக்’ என்றது கருவி.
இப்போதெல்லாம் நான் அதை நம்புவதில்லை;
பூச்சின் தடிப்பை அளந்த தாளை
இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான்
ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் கோடு இழுத்தேன்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும்
மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும்,
கொண்டுவாருங்கள் என்றேன், இருவரையும் பார்த்து.

அடுத்த புதன்கிழமை வந்தது.
இருநூற்றுப் பத்து ஓடியிருந்தது.
கோடுகள் இம்மியும் விலகவில்லை.
ஓட்டி வந்தது இர்மேலி,
பகலில்,
ரேடியோ இல்லாமல்.